இயனக்கூடும் தண்ணீர்ப் போத்தலும்

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவிலுள்ள பிளேன் மரங்களின் கிளைகளை நறுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். லண்டனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிற மரம்தான். பேர்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்டவை இன்னமும் நிற்கின்றன. எனக்கு மரத்தைவிட அதில் ஏறியவன்மேல்தான் கண். இருபத்தைந்து வயது மதிக்கலாம். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றிச் சேணம் மாதிரி ஒரு பட்டி. அதில் கொழுவிகள், கயிறுகள், ஒரு கைவாள். மோட்டார் வாள் பின்பக்கமாக, முழங்காலுக்குக் கிட்டத் தொங்கியது. முதுகில் தட்டையான தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோளைத் தாண்டி வாய்வரை வந்திருந்தது. இரண்டு கையும் வேலையில் இருக்க, தலையைச் சற்றுத் திருப்பித் தண்ணீர் குடித்தான்.

இறங்கி வந்ததும் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். மேலே தேவைப்படாத எதையும் தான் கொண்டு ஏறுவதில்லை, வேண்டியதைக் கீழே நிற்பவன் கயிற்றில் கட்டி அனுப்புவான் என்றான். அமெரிக்காவில் இதே மாதிரிச் சேணத்தில் மரத்தோடு தொங்கிக்கொண்டு மானுக்குக் காத்திருக்கும் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்களாம். எதை இடுப்பில் கட்டுவது, எதை முதுகில் போடுவது, சத்தமில்லாமல் தண்ணீரை எப்படிக் கொண்டு ஏறுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தீராத விவாதமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டான். என் அப்பப்பா ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறியவர் என்றேன். என்ன கயிறு பாவித்தார் என்று கேட்டான். மரத்தோடு பிணைக்கிற கயிறே கிடையாது, இரண்டு காலையும் சேர்த்துப் போடுகிற ஒரு வளையம் மட்டும்தான் என்றேன். அவன் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

முப்பது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருக்கிறேன். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று எல்லா இடத்துக்கும் போய் வந்திருக்கிறேன். அப்பப்பா மரம் ஏறியவர் என்பதை அங்கே ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெடியனிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அன்றிரவு இதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பனையைப் பற்றி எழுதுவதற்கு லண்டன் பொருத்தமில்லாத ஊர் அல்ல. கியூ தோட்டத்தில் பொருளாதாரத் தாவரவியலுக்கென்று ஒரு மியூசியத்தை வில்லியம் ஹூக்கர் 1847இல் திறந்தார். எந்த நாட்டு மரத்தில் எதை எடுக்கலாம், எதை விற்கலாம் என்பதைக் கண்ணால் காட்டுவதே அதன் நோக்கம். அதே காலத்தில் கொழும்பில் இருந்த வில்லியம் பேர்குசன் 1850இல் பனைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் லண்டனில் வெளியிட்ட இரண்டு பாகப் பெருநூலிலும் யாழ்ப்பாணத்துப் பனைக்கு நல்ல இடம் இருக்கிறது. பனைக்கு 801 பயன் என்று சொல்லும் ‘தால விலாசம்’ என்ற தமிழ்ச் செய்யுள் நூல் இவர்கள் வழியாகத்தான் ஆங்கில வாசகருக்குத் தெரியவந்தது. இன்றைக்கும் எங்கள் விழா மேடைகளில் பனை என்றதும் இந்த 801 வந்துவிடும். கற்பகதரு என்பார்கள், கைதட்டுவார்கள். அந்த மரத்தில் ஏறியவன் இடுப்பில் என்ன கட்டியிருந்தான் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சிறுவனாகப் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் வலிகாமத்தில். அப்பப்பாவின் சாமான்கள் மொத்தம் ஒரு கைக்குள் அடங்கும். முதலாவது தளைநார்: பனம் மட்டையில் உரித்த நாரை முறுக்கிச் செய்த வளையம். இரண்டு பாதத்திலும் அதை மாட்டினால் கால்கள் விலகாமல் மரத்தைக் கவ்விக்கொள்ளும். கைகள் மேலே பிடிக்கும், கால்கள் ஒன்றாக எழும்பும், தளை மரத்தில் இறுகும், உடம்பு நிமிரும். இரண்டாவது இயனக்கூடு. கள்ளிறக்குபவர் கருவி வைக்கும் கூட்டுக்கு இயனம் என்று அகராதிகளே சொல்லும், எங்களூரில் இயனக்கூடு. அதற்குள் இரண்டு கத்திகள். ஒன்று மட்டை வெட்ட, மற்றது பாளை சீவ. பாளைக்கத்தியை எங்களைத் தொடவே விடமாட்டார். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி மொட்டையானால் பாளை நசியும், நீர் சுரப்பது நின்றுவிடும். கூட்டோடு பாளையைத் தட்டும் பொல்லு, ஆண் பனையென்றால் பாளையை நெரிக்கும் கடிப்பு, கருப்பநீர் இறக்கும் மரமென்றால் முட்டியின் உட்புறம் பூசக் கொஞ்சம் சுண்ணாம்பு. கடைசியாகச் சுரைக்குடுவை.

பாளையில் கட்டும் முட்டிகள் இந்தக் கணக்கில் இல்லை. அவை மரத்திலேயே இருப்பவை. ஒரு தடவை கொண்டு ஏறிக் கட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் அதிலிருப்பதைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்குவதுதான். அந்தப் பெடியன் சொன்ன அதே விதி: மேலே ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு ஏறாதே. கத்தி தீட்டும் பலகையும் மணலும்கூடக் கீழேதான் இருக்கும்.

எல்லாம் இடுப்புக்குப் பின்னால், பிட்டத்துக்கு மேலே கட்டப்பட்டிருக்கும். காரணத்தை நான் பின்னாளில் கணக்குப் போட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். மரம் 12 மீற்றர் உயரம், நாற்பது மரம், காலையும் மாலையும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 960 மீற்றர் ஏற்றம். லண்டன் பாலத்தடியில் நிற்கும் ஷாட் கோபுரத்தின் உயரம் 310 மீற்றர். அதில் மூன்று தடவை ஏறி, பிறகும் கொஞ்சம் மிச்சம். இவ்வளவு ஏற்றத்துக்கு ஒவ்வொரு அவுன்சும் பாரமாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐம்பது கிலோ மனிதனுக்கு ஒரு கிலோ கூடினால் ஐம்பதில் ஒரு பங்கு வேலைதான் கூடுகிறது. அது பெரிய காரியமில்லை. பாரம் எங்கே தொங்குகிறது என்பதுதான் காரியம். மரத்தைவிட்டு வெளியே தள்ளித் தொங்குகிற எதுவும் ஆளைப் பின்பக்கமாக இழுக்கும். அந்த இழுவையைக் கைகள்தான் தாங்க வேண்டும். முன்னால் கட்டினால் நெஞ்சுக்கும் மரத்துக்கும் இடையில் அகப்படும். பக்கத்தில் கட்டினால் ஒரு பக்கம் சாயும். ஆகவே பின்னால், உடம்போடு ஒட்டி, ஆட்டமில்லாமல்.

சுரைக்குடுவையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். காய்ந்த சுரைக்குப் பாரமே இல்லை. உருண்டை, மரத்தில் கொழுவும் மூலை கிடையாது. கழுத்து ஒடுங்கியிருப்பதால் உள்ளே நீர் அலம்பினாலும் வெளியே சிந்தாது. ஏறும்போது வெறுங்குடுவை, இறங்கும்போது நிறைகுடுவை. மண் முட்டியில் இதைச் செய்வதென்றால் வெறும் முட்டியின் பாரமே ஒரு பாரம். பிறகு பிளாஸ்ரிக் கான்கள் வந்தன. அவை உடையாது என்பது உண்மைதான், ஆனால் சதுரமான கான் தொடையில் இடிக்கும் என்று அப்பப்பா கடைசிவரை முணுமுணுத்தார்.

தென்னிலங்கைக் கரையோரம், வாத்துவை, களுத்துறைப் பக்கம் போனவர்கள் வேறொரு முறையைப் பார்த்திருப்பார்கள். தென்னை உச்சிகளைக் கயிற்றால் இணைத்து, ஒரு மரத்தில் ஏறினவர் மரத்துக்கு மரம் கயிற்றிலேயே நடந்து போவார். சேர்ந்த கள்ளைக் கலத்தில் ஊற்றிக் கயிற்றில் கீழே இறக்கிவிடுவார். ஏற்றமும் மிச்சம், பாரமும் மிச்சம். எங்களூரில் ஏன் இது இல்லை என்று ஒருமுறை கேட்டேன். “மரம் வரிசையா நிக்கோணும். எல்லாம் ஒரு ஆளின்ர மரமா இருக்கோணும்” என்றார் அப்பப்பா. எங்கள் பனைகள் வேலியோரத்தில் இரண்டு, வளவுக்குள் ஐந்து, ஒழுங்கை மூலையில் ஒன்று என்று நின்றன. இரண்டு மரம் அவருக்கு, மூன்று மரம் இவருக்கு. ஆகவே நாற்பது மரத்திலும் நிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்துதான் போக வேண்டும்.

அந்த நடையில்தான் தண்ணீர்ப் பிரச்சினை வருகிறது.

சீவல் தொழிலுக்குப் பருவம் தை மாதமளவில் தொடங்கி, கோடை முழுக்க நீளும். பங்குனி, சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்து மண் காலைச் சுடும். பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து போகும். காய்ச்சல் என்றாலும் ஏறத்தான் வேண்டும். மரத்தில் இருக்கும்போது தண்ணீர் தேவையில்லை. ஏறி இறங்கச் சில நிமிடம்தான். கீழே வந்ததும் தாகம் எடுக்கும். நிற்கிற வளவில் கிணறு இருக்கும், துலா இருக்கும், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். அவர் எடுக்க முடியாது. கிணற்றுக் கட்டில் கால் வைக்கக் கூடாது, வாளியைத் தொடக் கூடாது. வீட்டுக்காரர் யாராவது வந்து கைக்குள் வார்க்க வேண்டும், அல்லது சிரட்டையில் ஊற்ற வேண்டும். அந்த வீட்டுக்கு நாள்தோறும் கள்ளும் கருப்பநீரும் இறக்கிக் கொடுத்த கை அது. அவர் தொட்டு இறக்கியதைக் குடிக்கலாம். அவர் தொட்ட வாளியில் குடிக்க ஏலாது. இதிலுள்ள நியாயத்தை எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

குடுவையில் இருப்பதைக் குடித்திருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. கள்ளைக் குடித்துவிட்டு அடுத்த மரம் ஏறினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பகுதியில் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். விழுந்து முதுகு முறிந்து, பாயோடு பல வருடம் கிடந்தவர்களின் வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தன. அதைவிட, குடுவையில் இருப்பது அவருடையது மட்டுமல்ல. மரக்காரருக்கும் பங்கு உண்டு, அளவும் உண்டு.

ஆகவே அப்பப்பா தண்ணீரைத் தானே கொண்டு போனார். ஒரு கண்ணாடிப் போத்தல், கழுத்தில் கயிறு, வாயில் துணி அடைப்பு. மரம் ஏறும்போது வேலிக் கிளுவையில் தொங்கவிடுவார், இறங்கி எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போவார். இயனக்கூட்டையும் தளைநாரையும் குடுவையையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பாரத்தைக் குறைத்துக் குறைத்து வந்த புத்தி அது. அந்தப் போத்தல் மட்டும் தொழிலுக்குத் தேவைப்பட்ட பாரம் அல்ல. சுற்றிவர இருபது கிணறு இருக்கிற ஊரில் ஒரு மனிதன் சுமந்த தண்ணீர்.

இதன் வேரைத் தேடினால் பழைய சட்டப் புத்தகத்துக்குப் போகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார், அதுதான் தேசவழமை. காணி, சீதனம், ஈடு என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டவர்கள்தான் யாழ்ப்பாணத்தின் அடிமைகள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ரெனன்ற் இலங்கைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அவர் பார்த்து வியந்து எழுதிய பனைகளில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் நடுவயது தாண்டிய ஒவ்வொருவரும் அடிமைமுறை சட்டமாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள். சட்டம் போனது, கிணற்றுக் கட்டு போகவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் பனை ஏறியவர்களின் கதை சுகமானதல்ல. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலியின் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர்களிடையே வாழ்ந்து, அவர்களுக்காகப் பாடுபட்டவர்தான். ஆனால் அவர்களை அந்த நூல் சித்திரித்த விதத்தை அவர்களுடைய படித்த தலைமுறை ஏற்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் நூலை விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. அந்தச் சமூகம் வணிகத்தில் எழுந்தது, கல்விக்கூடங்கள் கட்டியது, 1921 குடிசன மதிப்பில் தான் விரும்பிய நாடார் என்ற பெயரையும் பெற்றது. அவர்களிடம் எனக்குப் பொறாமை உண்டு என்பதை ஒளிக்கவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு பெயர் மாற்றம் கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போவதுதான் கிடைத்தது.

இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அப்போதும் தேநீர்க் கடைகளில் எங்களவருக்கு வேறு குவளை, வேறு இடம். டொமினிக் ஜீவா தன் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயர் வைத்தது 1960இல். அந்தத் தலைப்பை எங்கள் வீட்டில் யாரும் உவமையாக வாசிக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடை வாசல்களில் போராட்டம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில். 1972இல் தவறணைக் குத்தகை முறை போய், மரவரியும் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. கூட்டுறவு வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது என்று அப்பா சொல்வார். வீட்டுக்கு முன்னால் சொந்தக் கிணறு வெட்டியதும் அந்தக் காசில்தான்.

அப்பா மரம் ஏறவில்லை. அப்பப்பா விடவில்லை. எழுதுவினைஞர் வேலை, பிறகு 83க்குப் பின்னால் லண்டன். இங்கே வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தி, “ஊர் எது எண்டு கேட்டால் சொல்லு. ஊரில எந்தப் பக்கம் எண்டு கேட்டால், சின்ன வயசில வந்திட்டன், தெரியாது எண்டு சொல்லு” என்றார். அந்தக் கேள்வி ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் கல்யாண வீடுகளில் சிரித்த முகத்தோடு கேட்கப்படும். கேட்பவரும் பதிலை விளங்கிக்கொள்வார், நானும் விளங்கிக்கொள்வேன். அப்படியே கைநனைத்துவிட்டு வருவோம்.

கிளை நறுக்க வந்த பெடியனின் தொழிலுக்கு இங்கே சட்டம் இருக்கிறது. உயரத்தில் வேலை செய்வோருக்கான ஒழுங்குவிதிகள் 2005இல் வந்தன. கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவனுக்கு ஒரு கயிறு அறுந்தால் மற்றது தாங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பயிற்சி, சான்றிதழ், காப்புறுதி எல்லாம் உண்டு. எந்த வீட்டுக் கதவைத் தட்டியும் தண்ணீர் கேட்கலாம். அவன் முதுகிலிருந்த பை வசதிக்காகத்தான்.

போன மாதம் ஊரில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவின் தங்கை, எண்பது தாண்டிவிட்டது. இயனக்கூடு இப்போது எங்கே என்று கேட்டேன். எதற்கு இதெல்லாம் என்று முதலில் தட்டிக் கழித்தார். எழுதப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பேர் போட்டோ எழுதப் போறாய்?”

“ஓம் மாமி.”

“பிள்ளையளுக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை. யோசிச்சுச் செய்.”

பிறகு தானாகவே சொன்னார். கூடு பல வருடம் அடுப்படிக் கூரையில் செருகிக் கிடந்ததாம். கத்திகளை அப்பப்பா இருக்கும்போதே இன்னொரு தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டாராம். தண்ணீர்ப் போத்தலைப் பற்றிக் கேட்டேன். அதில் பிறகு மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்ததாம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கக் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கானையும் வைத்துக் கட்டக் கயிறு தேடியிருக்கிறார். கயிறு இல்லை. கூரையில் கூட்டோடு கிடந்த தளைநாரை மாமி இழுத்துக் கொடுத்திருக்கிறார்.

“நல்ல நார். கான் ஆடேல்லை. நாவற்குழி தாண்டும் மட்டும் வழிநெடுக அந்தக் கானிலதான் எல்லாரும் குடிச்சது. ஆர் எவர் எண்டு நாங்களும் கேக்கேல்லை, அவையும் கேக்கேல்லை.”

இப்போது அந்த நார் எங்கே என்றேன்.

“சைக்கிளே திரும்பி வரேல்லை, நார் எப்பிடி வரும்?” என்றார் மாமி.